இரண்டு ஸ்டேஷன் தள்ளி

ஊரப்பாக்கம்
16.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெபராஜ் எழுதுவது. இங்கே சுகம். யாருடைய கிருபையால் என்று நீ கேட்பாய். சர்க்கரை மாத்திரையின் கிருபையால். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? காது மெஷின் இன்னும் விசில் அடிக்கிறதா? ஆரோன் போன் செய்து, "மாமா, அம்மாகிட்ட கத்திக் கத்தி என் தொண்டை போச்சு, நீங்க லெட்டரே போட்ருங்க" என்றான். எனக்கும் அதுதான் வசதி. போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நாம் சர்ச் பக்கம் போய்ச் சண்டையில் முடிப்போம்.

நீ அனுப்பிய நம் பழைய சர்ச்சின் சபை மடல் வந்தது. குரோம்பேட்டையில் அச்சாகி, கோயம்புத்தூரில் உன்னிடம் இரண்டு நாள் தங்கி, மறுபடி இங்கே வந்து சேருகிறது. நான் பிரிக்காமலே பழைய பேப்பர் கட்டில் வைத்துவிடுகிறேன். நீ வருத்தப்படக்கூடாது என்பதற்காக, கட்டின் மேலேதான் வைக்கிறேன்.

நீ 'சாமி இல்லாத சபை' என்று கிண்டல் செய்யும் எங்கள் மானுட வட்டத்தில் இப்போது இருபத்திரண்டு பேர். ஆஸ்பத்திரியில் யாருமில்லாமல் கிடப்பவர்களுக்குக் கூட இருப்பதுதான் இன்னும் எங்கள் முக்கிய வேலை. இந்த மாதம் மூன்றாம் தேதி விடிகாலையில் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஒருவர் விழுந்து கிடந்தார். எழுபது வயதிருக்கும். பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பையில் ஒன்றுமில்லை, போனும் இல்லை. இடது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கிறது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் நாங்கள் மாறி மாறிக் கூட இருந்தோம், பிறகு எங்களிடமே கொடுத்துவிட்டார்கள். மேற்குத் தாம்பரத்தில் ஏகநாதன் தன் வீட்டு மாடி அறையை வட்டத்துக்கு விட்டிருக்கிறாரே, அங்கே வைத்திருக்கிறோம். போலீஸிலும் எழுதிக் கொடுத்தாயிற்று.

எங்கள் விதி உனக்குத் தெரியும். சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை, அதைக் காட்டிக்கொடுக்கும் எதையும் தோண்டுவதில்லை. அவரை 'சார்' என்றே கூப்பிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை என் முறை.

ஆரோனுக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

உன் தம்பி,
ஜெபராஜ்

*

கோயம்புத்தூர்
20.6.2024

அன்புத் தம்பி ஜெபராஜுக்கு,

கர்த்தருடைய கிருபையினால் இங்கே யாவரும் சுகம். மாத்திரையைக் கண்டுபிடித்தவனுக்கு மூளை கொடுத்தது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மெஷினைக் கழற்றி வைத்துவிட்டேன், வீடு அமைதியாக இருக்கிறது.

அந்த மனிதரை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. அவர் வீட்டில் எப்படித் துடித்துக்கொண்டிருப்பார்களோ. எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் ஒருவருக்கு இதே மாதிரி வந்தது. சொந்தப் பெயரைச் சொல்ல முடியாது, ஆனால் பாடச் சொன்னால் வரி தப்பாமல் பாடுவார். பேச்சு போனாலும் சிலருக்குப் பாட்டு போகாதாம், டாக்டரே சொன்னார். நீ அவரைப் பாட வைத்துப் பார். சினிமாப் பாட்டா, தேவாரமா, கீர்த்தனையா என்று தெரிந்தாலே ஆள் யார் என்று பாதி தெரிந்துவிடும். மதத்தைக் கேட்கக்கூடாது என்றுதானே விதி, பாட்டைக் கேட்கக்கூடாது என்று இல்லையே.

உனக்காகவும் அவருக்காகவும் ஜெபிக்கிறேன். உனக்கு வேண்டாமென்றால் அவருக்கு இரண்டு பங்காக வைத்துக்கொள்.

அன்புடன் அக்கா,
தபீதாள்

*

ஊரப்பாக்கம்
30.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் கடிதம் 22ஆம் தேதி சனிக்கிழமையே கிடைத்தது. நீ சொன்னபடி பாட வைத்துப் பார்த்தோம். ஒன்றும் சரியாக வரவில்லை.

மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறார். இடது கையால் இட்லி பிட்டுச் சாப்பிடுகிறார். வட்டத்தில் இருக்கும் நர்ஸ் கீதா காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கால்களை மடக்கி நீட்டி விடுகிறாள். நான் என் முறையை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். ஞாயிறு ரயிலில் கூட்டம் அதிகம்.

கொஞ்ச நாளாக ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. தாம்பரத்தில் பிளாட்பாரத்தில் நின்று இரண்டு மூன்று ரயிலை விட்டுவிட்டு ஏறுகிறேன். சர்க்கரை கூடியிருக்கலாம்.

அப்பா சாயங்கால ஜெபத்தில் பாடுவாரே ஒரு கீர்த்தனை, மூன்றாவது சரணத்தில் மெட்டை மாற்றுவாரே. அது உனக்கு நினைவிருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜெபராஜ்

*

கோயம்புத்தூர்
12.7.2024

அன்புத் தம்பிக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம், நாங்கள் சுகம். உன் சுகம் பற்றித்தான் கவலை. சர்க்கரையை டெஸ்ட் செய்தாயா?

அப்பாவின் மெட்டு மறக்குமா. ஆர்மோனியப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவரே போட்டது. குரோம்பேட்டைப் பாடகர் குழுவைத் தவிர வேறு யாருக்கும் வராது. இங்கே சர்ச்சில் அதே பாட்டை வேறு ராகத்தில் இழுக்கிறார்கள், எனக்குக் கேட்காதது நல்லதுதான். சரணத்தைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருஷமாக இல்லாத ஞாபகம் இப்போது ஏன் வந்தது?

உன் மனைவியை அடக்கம் செய்த அன்று அந்தச் சபை மூப்பர், "விசுவாசம் குறைஞ்சதாலதான் வியாதி ஜெயிச்சுது" என்று உன் முகத்துக்கு நேரே சொன்னது தப்புதான். நான் பக்கத்தில் நின்றும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று நீ சொன்னதை நான் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மூப்பரும் செத்துப் பதினைந்து வருஷமாகிறது.

ஜூலை மடல் இத்துடன் இருக்கிறது. கட்டின் மேலே வை.

அக்கா

*

ஊரப்பாக்கம்
2.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? ஆகஸ்டில் நீ எழுதியதற்கும் நான் பதில் போடவில்லை. அந்த மாத மடலும் வந்தது. மன்னித்துக்கொள்.

சார் இறந்துவிட்டார். ஆகஸ்ட் 24, சனிக்கிழமை காலையில். இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரி நாளையும் சேர்த்து மொத்தம் எண்பத்து மூன்று நாள் எங்களோடு இருந்தார். போலீஸ் பேப்பர் எல்லாம் முடிய ஐந்து நாள் ஆயிற்று. யாரும் தேடி வரவில்லை. வியாழக்கிழமை மின்மயானத்தில் எரித்தோம். எங்கள் வழக்கப்படி சடங்கு இல்லை, சாம்பலும் வாங்குவதில்லை. பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் அவரைப் பற்றித் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். கீதா அவருக்குத் தக்காளிச் சட்னி பிடிக்காது என்றாள். ஏகநாதன், "தலகாணிய எப்பவும் சொவத்துப் பக்கமா தள்ளிகினே இருப்பாரு" என்றார். என் முறை வந்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

வேறு விசேஷமில்லை.

ஜெபராஜ்

*

கோயம்புத்தூர்
11.9.2024

அன்புத் தம்பிக்கு,

சுக விசாரிப்பெல்லாம் அப்புறம். நேற்று செப்டம்பர் மடல் வந்தது. நான் எப்போதும் கல்யாணப் பக்கத்தையும் இறப்புப் பக்கத்தையும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன், உனக்குத் தெரியும். நேற்று கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். கட்டம் கட்டி ஒரு அறிவிப்பு. தனசிங், வயது 71, அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குரோம்பேட்டை. ஜூன் இரண்டாம் தேதி ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு வீடு திரும்பவில்லை. இடது கை சுண்டுவிரல் பாதி இருக்காது. மகள் ஜெனி என்று போட்டு விலாசமும் ஒரு நம்பரும். 'மூன்றாவது மாதமாக அறிவிக்கிறோம்' என்றும் இருக்கிறது. போட்டோ பழையது, தலை நிறைய முடியோடு கோட் போட்டு நிற்கிறார்.

ஜூலை மடலிலும் ஆகஸ்ட் மடலிலும் இது இருந்திருக்கிறது. நானே என் கையால் உறையில் போட்டு ஒட்டி உனக்கு அனுப்பியிருக்கிறேன். அனுப்பும் முன் முழுதாகப் புரட்டிப் பார்த்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் பேப்பர் கட்டில் தேடிப் பார். அவர்தானா என்று உடனே எழுது.

அக்கா

*

கோயம்புத்தூர்
14.10.2024

தம்பி ஜெபராஜுக்கு,

ஒரு மாதமாகிவிட்டது. உன்னிடமிருந்து வரி இல்லை. ஆரோன் போன் செய்தால் "நல்லா இருக்கேன்டா" என்று சொல்லி வைத்துவிடுகிறாயாம். அவர்தான் என்பது உன் மௌனத்திலேயே தெரிந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் நம்பர் என்னிடம் இருக்கிறது. நான் கூப்பிடவில்லை, ஆரோனையும் கூப்பிடவிடவில்லை. அது நீ செய்ய வேண்டிய வேலை. ஆனால் எத்தனை நாள் பொறுப்பேன் என்று தெரியாது. அங்கே ஒருத்தி தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. அவர் பாடினாரா?

தபீதாள்

*

ஊரப்பாக்கம்
27.10.2024

அக்கா,

பாடினார்.

உன் கடிதம் கிடைத்த மறுநாள், ஜூன் 23, ஞாயிறு சாயங்காலம். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். முதலில் பழைய சினிமாப் பாட்டு ஒன்று எடுத்தேன், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஏன் என்று தெரியவில்லை, வாயில் அப்பாவின் கீர்த்தனை வந்துவிட்டது. இரண்டாவது வரியில் அவர் சேர்ந்துகொண்டார். ஒரு சொல் குழறவில்லை. மூன்றாவது சரணத்துக்கு நான் சாதாரண மெட்டில் போனேன், அவர் அப்பாவின் மெட்டில் போனார். இடது கையால் கட்டிலைத் தட்டித் தாளம் போட்டார். கண்ணீர் காதுவரை ஓடியது.

அந்த மெட்டு உலகத்தில் ஒரே ஒரு சர்ச்சில்தான் இருக்கிறது என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். தாம்பரத்தில் ரயில் ஏறினால் சானடோரியம், அடுத்தது குரோம்பேட்டை. இரண்டு ஸ்டேஷன். போய் வாசலில் நின்று ஒருவரிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே மகள் வந்திருப்பாள். ஒவ்வொரு புதன்கிழமையும் பிளாட்பாரத்தில் நின்றேன். குரோம்பேட்டைப் பக்கம் போகும் ரயிலில் ஏறிவிடலாம் என்று நினைப்பேன். அப்புறம் ஊரப்பாக்கம் போகும் ரயிலில் ஏறிவிடுவேன்.

வட்டத்தில் யாரிடமும் சொல்லவில்லை. மதத்தைத் தோண்டக்கூடாது என்ற விதி எனக்கு நன்றாக உதவியது. அவர் குணமாகி அவரே சொல்லட்டும், யாரையும் மதத்திடம் பிடித்துக் கொடுப்பது நம் வேலை இல்லை என்று எனக்கு நானே பேசிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்த வாசலில் போய் நின்றால் நான் தோற்றதாக ஆகும் என்று பயந்தேன். செத்துப்போன ஒரு மூப்பரோடு பிடிவாதம் பிடித்துக்கொண்டு, உயிரோடு இருந்த ஒரு மனிதரை அவர் பிள்ளையிடமிருந்து மறைத்து வைத்துவிட்டேன்.

மடல்களைப் பேப்பர் கட்டிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் இருக்கிறது. நீ அனுப்பியதில் தப்பில்லை அக்கா, சோறு சாப்பிடு.

ஜெபராஜ்

*

கோயம்புத்தூர்
3.11.2024

தம்பிக்கு,

இங்கே சுகம்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். கோபம் வந்தது, அழுதேன், மறுபடி கோபம் வந்தது. உனக்கு ஆறுதல் எழுத எனக்கு மனசில்லை.

வேறு யாராக இருந்தாலும் முழங்காலில் நின்று கர்த்தரிடம் மன்னிப்புக் கேள் என்று சொல்லியிருப்பேன். உனக்கு அந்த வழியை நீயே அடைத்துக்கொண்டாய். மேலே யாருமில்லை, மனுஷருக்கு மனுஷர்தான் என்று இருபது வருஷமாக எனக்குப் பாடம் எடுத்தாயே. அப்படியானால் நீ கேட்க வேண்டிய ஆள் குரோம்பேட்டையில் இருக்கிறாள். கதவைத் தட்டி அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அவர் அமைதியாகப் போனார், நாங்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டோம் என்று பாதியைச் சொல்லிவிட்டு வராதே. அதை அவள் நம்பி உனக்கு நன்றி சொல்லிவிடுவாள். பிறகு ஜென்மத்துக்கும் உன்னால் மீதியைச் சொல்ல முடியாது.

சனிக்கிழமைக்குள் போ.

அக்கா

*

ஊரப்பாக்கம்
18.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்க வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன், முழங்கால் எப்படி இருக்கிறது?

ஒன்பதாம் தேதி சனிக்கிழமை போனேன். முதல் நாள் வட்டத்தைக் கூட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கீதா எழுந்து வெளியே போய்விட்டாள். ஏகநாதன், "இன்னா சார் நீ. கேக்காத வுட்டா மரியாதைன்னு நாங்க நெனச்சிகினு இருந்தோம். நீ தெரிஞ்சிகினே கேக்காத வுட்டுக்கீற" என்றார். வட்டத்தில் எனக்கிருந்த செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டேன். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

ஜெனிக்கு நாற்பது வயதிருக்கும். குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. கதவைத் திறந்தவளிடம், "உங்க அப்பாவைப் பத்திப் பேசணும்மா" என்றதும், "எங்க இருக்காரு?" என்று செருப்பை மாட்டக் காலை நீட்டிவிட்டாள். அந்தக் கால் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாடியதை, இரண்டு ஸ்டேஷனை, நான் போகாததை, எரித்ததை, சாம்பல் இல்லாததை.

அவள் அழவில்லை. "அம்மா கல்லறைக்குப் பக்கத்துல அப்பாவுக்கு இடம் வச்சிருக்கோம் சார். பேர் கூட வெட்டியாச்சு, தேதி மட்டும் விட்டிருக்கு. அதுல நான் எதைக் கொண்டுபோய் வைக்கறது?" என்றாள். பிறகு, "குரோம்பேட்டை போலீஸ்ல எழுதிக் குடுத்தோம், நீங்க தாம்பரத்துல குடுத்தது அங்க வந்தே சேரல போல. ஜூன்ல மூணு ஞாயித்துக்கிழம சர்ச்ல அப்பாவக் காணோம்னு அறிவிச்சாங்க. மூணாவது தடவை இருபத்து மூணாந்தேதி. அன்னிக்குத்தான் பாடினாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப நாலாவது அறிவிப்ப நீங்க வாசிங்க. அடுத்த ஞாயித்துக்கிழம. உங்க வாயால" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

நேற்று வாசித்தேன் அக்கா. இருபத்தாறு வருஷம் கழித்து அந்தப் படியை ஏறினேன். போதகர் சின்னப் பையன், என்னை யாரென்று தெரியாது. பாட்டும் ஜெபமும் முடியும்வரை கடைசி வரிசையில் கையைக் கட்டாமல், கண்ணை மூடாமல் நின்றேன். ஜெனி சொல்லி வைத்திருந்தபடி அறிவிப்பு நேரத்தில் கூப்பிட்டார்கள். "இங்கே மூன்று ஞாயிறு அறிவிக்கப்பட்ட தனசிங் ஐயா, ஜூன் மூன்று முதல் ஆகஸ்ட் இருபத்து நான்கு வரை தாம்பரத்தில் ஆஸ்பத்திரியிலும் பிறகு எங்கள் அறையிலும் இருந்தார். அங்கேயே இறந்தார். அவர் இந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று எனக்கு ஜூன் இருபத்து மூன்றாம் தேதியே தெரியும். நான் வந்து சொல்லவில்லை. என் பெயர் ஜெபராஜ்." இவ்வளவுதான் தாளில் எழுதியிருந்தேன். படித்து முடித்துத் தலையைத் தூக்கினேன். பாடகர் குழுவில் இரண்டு பேருக்கு அப்பாவின் பிள்ளை என்று அடையாளம் தெரிந்துவிட்டது. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை.

வெளியே கேட்டருகில் ஜெனி வந்தாள். "அடுத்த ஞாயிறும் வருவீங்களா?" என்றாள். இல்லையம்மா, எனக்கு நம்பிக்கை கிடையாது, வந்தால் பொய்யாக இருக்கும் என்றேன். "சர்ச்சுக்கு வேணாம். வீட்டுக்கு வாங்க. சனிக்கிழம எனக்கு லீவு. அந்த எம்பத்து மூணு நாளையும் ஒவ்வொரு நாளா சொல்லணும். என்ன சாப்பிட்டாரு, எப்படிப் படுத்தாரு, எல்லாம். எனக்கு வைக்கறதுக்கு வேற ஒண்ணும் இல்ல" என்றாள்.

போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜெபராஜ்

*

ஊரப்பாக்கம்
12.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். புது வருஷத்துக்கு நீ அனுப்பிய கேக் நொறுங்காமல் வந்தது. கிறிஸ்துமஸ் மடலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். எழுத்துப்பிழை நிறைய.

எட்டுச் சனிக்கிழமை போயிருக்கிறேன். ஒரு தடவைக்கு இரண்டு, மூன்று நாள்தான் சொல்ல முடிகிறது. எனக்குத் தெரியாததை கீதாவிடமும் ஏகநாதனிடமும் கேட்டு எழுதிக்கொண்டு போகிறேன். கீதா இப்போது என்னிடம் பேசுகிறாள், வேலை விஷயம் மட்டும். வட்டத்தில் விதியை மாற்றிவிட்டார்கள். சாதி, மதம் இப்போதும் கேட்பதில்லை. 'உங்களை யார் தேடுவார்கள்?' என்பதைக் கட்டாயம் கேட்கிறார்கள், வாய் வராதவருக்கு அக்கம்பக்கத்தில் கோயில், சர்ச், மசூதி எல்லாவற்றிலும் போய் விசாரிக்கிறார்கள். குரோம்பேட்டைப் பக்கம் என் பொறுப்பு.

ஜெனி ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறாள். தக்காளிச் சட்னி என்று சொன்னபோது, "அல்சர் அவருக்கு, அம்மாவே செய்ய மாட்டாங்க" என்றாள். தலையணை விஷயம் சொன்னபோது எழுதுவதை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். மன்னித்தேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நேற்றோடு இருபது நாள் முடிந்தது. அடுத்த சனிக்கிழமை இருபத்தோராம் நாள், பாடிய நாள். அதில் உனக்குக்கூட எழுதாத ஒன்று இருக்கிறது. பாட்டு முடிந்த பிறகு, அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். மறுபடி பாடச் சொல்லிக் கட்டிலைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். நான் எழுந்துபோய் டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அவர் தட்டுவதை நிறுத்தும்வரை அந்தப் பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதற்காகவும் தட்டவில்லை.

இதைச் சொன்னால் ஜெனி நோட்டை மூடி என்னை வெளியே அனுப்பிவிடலாம். சொல்லாமல் விட்டால் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அதனால்தான் முதலில் உனக்கு எழுதி அந்த வழியை அடைத்துவிடுகிறேன். அவள் கதவைச் சாத்தினால் அதற்கடுத்த சனிக்கிழமை போய் மறுபடி தட்டுவேன். இன்னும் அறுபத்திரண்டு நாள் பாக்கி இருக்கிறது.

மெஷினைக் காதில் மாட்டிக்கொள், ஆரோன் பாவம்.

உன் தம்பி,
ஜெபராஜ்